இல்லாத அண்ணன்

இந்த மாசம் முடிவதற்குள் குடியை விட நினைப்பவர்கள் கூடும் கூட்டத்துக்குப் போகாவிட்டால் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மனைவி சொன்னபோது கண்ணாடிக்காரருக்கு முதலில் கோபம்தான் வந்தது. ஜன்னலுக்குக் கண்ணாடி வெட்டிப் பொருத்துகிற வேலை அவருக்கு. கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து முதலாளி அவரை வெட்டுமேசைப் பக்கமே விடுவதில்லை. துடைத்துக் காகிதம் சுற்ற வைத்துவிட்டார். அந்த எரிச்சலையும் சேர்த்து மனைவியிடம்தான் காட்டினார். அவள் ஆஸ்பத்திரிச் சுவரில் பார்த்த எண்ணை அவர் செல்போனில் ஏற்றிக் கொடுத்தாள்.

போனை எடுத்த ஆள் பெயரைக்கூடக் கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலம், நூலகத்து மாடி, படியேறியதும் இடப்பக்கக் கதவு என்றார். நானும் உங்களை மாதிரிதான், பயப்படாமல் வாங்க என்றார். யாருக்குப் பயம் என்று முணுமுணுத்தபடி போனை வைத்த மனுஷர் புதன்கிழமை பாதிப் படியில் ஒரு தடவை திரும்பி இறங்கப் பார்த்தார். மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு கதவுகள். வருகிறவர்கள் மானம் போகக்கூடாது என்று எதிலும் போர்டு கிடையாது. பதற்றத்தில் வலப்பக்கம் புகுந்துவிட்டார்.

உள்ளே பூராவும் பெண்கள். இத்தனை பொம்பளைங்க குடிக்கிறாங்களா என்று அசந்துபோய் உட்கார்ந்தார். கூட்டத்தை நடத்திய டீச்சரம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"உங்க வீட்ல யார் குடிக்கிறாங்க?"

அப்போதுதான் உறைத்தது. இது குடிக்கிறவர்களின் வீட்டார் கூடும் அறை. மன்னிக்கணும், அறை மாறிட்டேன் என்று எழுந்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் எழுந்தால், அத்தனை கண்ணும் பார்க்க எதிர்க் கதவைத் திறந்தாக வேண்டும்.

"எங்க அண்ணன்," என்றார், ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்த மனுஷர்.

அடுத்த புதனும் போனார். கூட்டத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னது பொய்யில்லை பாருங்கள். அண்ணனைப் பற்றிப் பேசப் பேசக் கதை தானாக வந்தது. அண்ணன் பாட்டிலைக் கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள் ஒளித்துவைப்பான். பள்ளி விழாவில் மகள் மேடையில் நிற்கும்போது குறட்டை விட்டான். சொல்லும்போது அவருக்கே அந்த அண்ணனைச் செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இப்படி அலைகிற தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று டீயோடு கூடுதலாக பிஸ்கட் வைத்தார்கள். அந்தப் பாராட்டைச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. வழியில் பிராந்திக் கடைக்குள் நுழைந்து அதைக் கழுவிவிட்டுத்தான் போனார். இனி எந்த மூஞ்சியோடு இடப்பக்கக் கதவைத் திறப்பது? பாழாய்ப்போன ஒரு வார்த்தை அவரைக் கட்டிப்போட்டுவிட்டது.

மாசக் கடைசிப் புதனன்று கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் அவர் மனைவி. கூட்டத்துக்குப் போகிற மனுஷர் ஒவ்வொரு தடவையும் நாற்றத்தோடு திரும்புகிறாரே என்று அதே எண்ணுக்குப் போன் செய்திருக்கிறாள். யார் வருகிறார், யார் வரவில்லை என்று சொல்ல மாட்டோம், ஆனால் வீட்டாருக்குத் தனி அறை உண்டு, வலப்பக்கம் என்று பதில் வந்திருக்கிறது.

இவரைப் பார்த்து வெட்கப்படாதீங்கம்மா, இவரோட அண்ணனும் குடிக்கிறவர்தான் என்று டீச்சரம்மா அவளுக்குத் தைரியம் சொன்னார். மனைவி அவரையே பார்த்தாள். குட்டு உடைந்தது என்று அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"உங்க வீட்ல யாரும்மா?"

"அந்த அண்ணன்தாங்க," என்றாள். "நான் அவரு சம்சாரம்."

அறையே நெகிழ்ந்துபோனது. அண்ணியும் கொழுந்தனும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் வந்திருக்கிறார்களே என்று ஆளாளுக்கு உச்சுக்கொட்டி, பக்கத்து நாற்காலியிலேயே அவளை உட்காரவைத்தார்கள்.

அவள் குரலை உயர்த்தாமல் பேசினாள். பூட்டில் சாவி தடுமாறும் சத்தம் கேட்டதும் மகள் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்குவதுபோல் படுத்துக்கொள்வாளாம். அப்பா தூங்கிய பிறகு எழுந்து செல்போன் வெளிச்சத்தில் வீட்டுப்பாடம் எழுதுவாளாம். பிள்ளைக்கு நேரத்தோடு தூங்குகிற நல்ல பழக்கம் என்று அவர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"கொழுந்தனார் பரவாயில்லைங்க," என்றாள். "எவ்வளவு பொறுமையா கேக்கறார் பாருங்க. என்னை இவருக்கே கட்டிவெச்சிருக்கலாம்."

பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அவர் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுங்க. சனிக்கிழமை நானும் பொண்ணும் கிளம்பறோம். எதிர் ரூமுக்கு வர அவருக்கு வழி தெரியலையா, மனசு இல்லையான்னு தெரியல. நான் கேட்டுக் கேட்டு ஓஞ்சிட்டேன்."

அண்ணன் இப்போது எங்கே இருப்பார், தம்பியே கையோடு போய் அழைத்து வரலாமே என்றார் டீச்சரம்மா.

பதில்கள் வாயில் தயாராக இருந்தன. வேலைக்குப் போயிருக்கிறான், வெளியூரில் இருக்கிறான். எதைச் சொன்னாலும் நம்புவார்கள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்கு அண்ணன் கிடையாதும்மா," என்றார். "இவ என் சம்சாரம்."

டீச்சரம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்து பிடித்தார். முகத்தில் கோபம் இல்லை.

"அப்ப நீங்க இங்க உக்காரக்கூடாதுங்க."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை. கைப்பையை மடியில் இறுகப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பக்கத்திலேயே கீழிறங்கும் படி. இறங்கினால் கடை திறந்திருக்கும். உள்ளே ஒரு குரலும் கேட்கவில்லை. தான் எந்தப் பக்கம் போகிறோம் என்று அத்தனை பேரும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது புரிந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. எதிர்க் கதவைத் தட்டினார். அவளுக்குக் கேட்க வேண்டும் என்று பலமாகவே தட்டினார்.