சண்முகவள்ளிக்கு ஞாபகம் வந்த நாடகம்

1951 மார்ச் 8, வியாழக்கிழமை, காலை பதினொன்றே கால். கோலா கெத்தில் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால் நிறுக்க வரிசையில் நின்ற சண்முகவள்ளிக்கு ஒரு தொலைக்காட்சி நாடகம் ஞாபகம் வந்தது. நாட்டுக்குத் தொலைக்காட்சி வர இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தன. முதல் பாகம் மட்டும்தான் வந்தது. வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள். லூனாஸில் நான்கு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தை விட்டு நின்று தொழிற்சாலைக்குப் போகிறார்கள், மோட்டார் சைக்கிள் திருடுகிறார்கள், அம்மாக்களை அழவைக்கிறார்கள். மூத்தவனுக்குக் கோபம் வந்தால் இடது காது மட்டும் ஆடும். நடுவில் ஒரு சலவைத்தூள் விளம்பரம் வந்தது. அதையும் விடாமல் சொன்னாள். அடுத்த வியாழன் இரண்டாம் பாகம். ஆறாம் பாகத்துக்குள் பெண்கள் வாளியில் பால் உறைவதைக்கூடக் கவனிக்கவில்லை. மீரா சாகிபு, தன் கடையில் அந்தத் தூள் இல்லை என்று சொல்லிச் சொல்லிக் களைத்தார்.

காட்டில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடக்கும் அவசரகாலம். கூட்டம் கூடினால் போலீஸ் வரும். இன்ஸ்பெக்டர் சீனிவாசகம் வந்தார். முப்பது வயது, கல்யாணமாகாதவர்.

“நாலு பேரையும் எங்க ஒளிச்சு வச்சிருக்க?”

“இன்னும் பொறக்கலைங்க சார்.”

“ஐசி, அடையாளக் கார்டு எடுத்திருக்கானுங்களா?”

“பொறக்காம எப்படிலா எடுக்கிறது?”

அவருடைய இடது காது ஆடியது. பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

காட்டிலுள்ள நால்வருக்கு உதவியவள், இந்தியாவுக்குக் கப்பலேற்றவும் என்று கோப்பில் எழுதினார். சண்முகவள்ளி பாலிங்கில் பிறந்தவள். இந்தியாவில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகள் லயத்து வீட்டில் இருந்தார்கள். ஆனால் கோப்பு அலோர் ஸ்டார் மேலிடத்திலிருந்து திரும்பி வந்தது: நால்வரின் தகப்பன் பெயர் காலியாக இருந்தது. அதைக் கேட்க வியாழன்தோறும் வந்தார். முதலில் நின்றார். ஒன்பதாம் பாகத்துக்கு நாற்காலி கொண்டுவந்தார். பதினோராம் பாகத்தில் மூத்தவனை லாக்கப்பில் அடித்தபோது போலீஸ்காரனைத் திட்டினார்.

இருபத்தாறாம் பாகத்தோடு நாடகம் முடிந்தது.

“நடிச்சவங்க பேரு போவுது சார். தகப்பன் பேரோட.”

கோப்பைத் திறந்தார். அவள் படித்தாள். பழனியாண்டி, தகப்பன் சின்னையா. பஷீர், தகப்பன் ஜலீல். சந்திரிகா, தகப்பன் அய்யாவு. எழுதிக்கொண்டே வந்தார்.

“மூத்தவனா நடிச்சது பரஞ்சோதி. தகப்பன் சீனிவாசகம்.”

“எந்தச் சீனிவாசகம்?”

“காது உங்களோடதுதான் சார்.”

எழுதினால் கோப்பு நிறைந்து அலோர் ஸ்டாருக்குப் போய்விடும், சண்முகவள்ளி கப்பலேறுவாள். தேடப்படுபவனின் தகப்பன் என்று அவரும் அடுத்த கப்பலில் போகவேண்டியிருக்கும். பேனாவை மூடினார். கோப்பு அவர் மேசை இழுப்பறைக்குள் போனது. பிறகு வெளியே வரவில்லை.

அடுத்த வியாழன் சீருடை இல்லாமல் வந்தார். தலை படிய வாரியிருந்தது. எல்லாரும் பால் நிறுத்து முடிக்கும்வரை ஓரமாக நின்றார்.

“அக்கா, பரஞ்சோதியோட அம்மா பேரு போட்டாங்களா?”