முத்தலிபு நானாவின் பெட்டிசம்

கண்டக்குழிச் சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் முத்தலிபு நானாவுக்குத் திடீரென்று நியாயத்தின் மேல் ஆசை வந்துவிட்டது. கொழும்புக்கு அனுப்ப ஒரு பெட்டிசம் எழுதி, கையெழுத்து வைக்க, அதே ஊரில் லொட்ஜ் நடத்தும் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"சபூரா தங்கச்சி, போன்ல தேடிக் குடுக்கிற அந்தக் கம்பனி செய்யிறது அநியாயம். உலகத்துல எவன் எதைத் தேடினாலும் அவன்ட வாசலாலதான் போகோணும். காசு குடுக்கிறவன்ட பேர மேல போடுறான். நம்மள மாதிரி ஆக்களக் கீழ தள்ளுறான். ஒருத்தனே எல்லாத்தையும் புடிச்சி வெச்சிக்கிட்டா மத்தவன் எப்பிடிப் பொழைக்கிற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வரத் தொடங்கிய நாளிலிருந்து, பஸ்ஸால் இறங்கிய அத்தனை பேரும் வழி கேட்டது இவரிடம்தான். யார் எதைக் கேட்டாலும் இவர் காட்டியது ஒரே இடம், தன் மச்சான் ஹஸனுடைய லொட்ஜ். ஹஸன் கொமிஷன் கொடுத்தான். நான் கொடுக்கவில்லை. அதனால் இவர் கணக்கில் என் லொட்ஜ் ஊரிலேயே இல்லை. இப்போது எல்லோரும் போனைப் பார்த்துப் பெரிய ஹோட்டலுக்கு நேரே போகிறார்கள். ஹஸனின் அறைகளில் பல்லிதான் தங்குகிறது. நானாவுக்கு நியாயம் பிறந்த கதை இவ்வளவுதான்.

ஆனாலும் நான் கையெழுத்து வைக்கத்தான் வந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பயம். வெள்ளைக்காரர்கள் வந்து குவியும் இந்தக் காற்றுக் காலத்திலும் என் மூன்று அறைகளும் காலியாகக் கிடந்தால், உம்மா தந்த காணியை அந்த ஹோட்டல்காரனுக்கே விற்க வேண்டியதுதான். பேனையைக் கையில் எடுத்தேன்.

அப்போது முதுகுப் பையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண் கடைக்குள் வந்தாள். போனில் சார்ஜ் இல்லையாம். கையில் ஒரு கடதாசித் துண்டு.

"சபூரா லொட்ஜ்?" என்று கேட்டாள்.

முத்தலிபு நானா பெட்டிசத்திலிருந்து தலையை நிமிர்த்தவே இல்லை. கை மட்டும் தானாக எழுந்து ஹஸனின் லொட்ஜ் பக்கம் நீண்டது.

"சபூரா குளோஸ். ஹஸன் லொட்ஜ் நம்பர் வன்."

சொல்லி முடித்த பிறகுதான் எதிரே நான் இருப்பது அவருக்கு ஞாபகம் வந்தது. கை அந்தரத்திலேயே நின்றது.

நான் பேனையை மேசையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"நானா, பெட்டிசத்துல அந்தக் கம்பனிட பேருக்கு மேல உங்கட பேரப் போடுங்க. நான் வந்து கையெழுத்து வெக்கிறன்."