இரண்டாம் கையெழுத்து

ஆக்னஸை அடக்கம் செய்த நாற்பத்தோராம் நாள், வக்கீல் ஆண்டனி எங்கள் போவன்பள்ளி வீட்டுக்கு வந்தார். வீடு என் மனைவி ஆக்னஸின் பெயரில் இருந்தது. ரயில்வே சம்பளத்தில் அவள் வாங்கியது. உயில் எழுதவில்லை. மகன் கலேப் அதைத் தன் பெயருக்கு மாற்றி, மேலே ஒரு மாடி எடுக்க நினைத்தான்.

பைபிளுக்குள் வைத்திருந்த முத்திரைத்தாளை எடுத்துக் கொடுத்தேன். பதினான்கு வருடங்களுக்கு முன் மகள் ஷர்மிளா எங்களைக் கேட்காமல் அபிநவை மணந்தபோது, அம்மாவின் வீட்டில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று நான் எழுதி வாங்கியது. பாஸ்டரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஆண்டனி படித்துவிட்டு மடித்தார்.

"இது செல்லாது, அங்கிள். ஆன்ட்டி உயிரோட இருந்தப்போ ஷர்மிளாவுக்குப் பங்கே கிடையாது. இல்லாததை எப்படி விட முடியும்? இப்பதான் உங்க மூணு பேருக்கும் மூணுல ஒண்ணு வந்திருக்கு. விடறதா இருந்தா புதுசா விடுதலைப் பத்திரம் எழுதி ரிஜிஸ்டர் பண்ணணும்."

கலேப் அன்றே அக்காவுக்கு ஃபோன் செய்தான். வருகிறேன் என்றாளாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடக்கத்துக்குப் பிறகு காபி சூடா, ஆறியதா என்பதுகூட எனக்குத் தெரிவதில்லை.

வியாழக்கிழமை பதிவு அலுவலகத்தில் ஷர்மிளா ஆதார் அட்டையோடு காத்திருந்தாள். காதோரம் நரைத்திருந்தது. பத்திரத்தை நின்றபடியே படித்தாள்.

"ஒரு வீட்டுக்கு எத்தனை கையெழுத்துடா? ரப்பர் ஸ்டாம்ப் செஞ்சு கொடுத்துடவா?"

"சாரிக்கா," என்றான் கலேப்.

"பேனா கொடு." பிறகு என்னைப் பார்த்தாள். "தம்பிதான் கேட்டான். நீங்க ஒரு வார்த்தை கேளுங்கப்பா, போட்டுடறேன்."

கேட்டால், அன்று வாங்கியது ஒன்றுமில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். பாஸ்டரை உட்காரவைத்து வாங்கிய வாக்கு அது. எங்கள் குடும்பத்தில் ஒருவரிடம் வாங்கிய வாக்கை மறுபடி கேட்டதில்லை.

"கேட்கமாட்டேன்," என்றேன். "அன்னைக்கு ஒரு தடவை வாங்கினேன். அது செல்லாதுன்னா உன் பங்கு உன்கிட்டயே இருக்கட்டும்."

"நக்கோப்பா, எனக்குப் பங்கு வேணாம். போடத்தானே வந்தேன்?"

"அப்பா, மாடி..." என்றான் கலேப்.

"பத்திரத்தை உள்ளே வை."

அவன் வைக்கவில்லை. ஷர்மிளா பேனாவை மூடினாள். எங்கள் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். யாரும் நகரவில்லை. அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள்.