கடைசிச் சரணம் இன்னொரு முறை

கச்சேரி முடிந்ததும் பாடகன் டெகிட் மேடையிலிருந்து இறங்கி நேரே ஹெய்ல்வெனிடம்தான் வருவான். துண்டால் கழுத்தைத் துடைத்தபடி ஒரே கேள்வி கேட்பான்: "எப்படி இருந்துச்சு?"

'கவோட்' ராக் குழுவுக்கு இருபத்திரண்டு வருடமாக ஒலி அமைப்பவள் ஹெய்ல்வென். அரங்கின் பின்புறம் ஒலி மிக்ஸருக்குப் பின்னால் நின்று, யார் குரல் எவ்வளவு கேட்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள். பாராட்டுவதில் மகா கஞ்சம். "ரெண்டாவது பாட்டுல சுருதி இறங்கிடுச்சு", "இன்னைக்கு என்ன, தூக்கத்துல பாடினியா?" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். அதனால்தான் பாடகன் அவளைக் கேட்டான்.

போன வருடம் டாக்டர்கள் டெகிட்டின் தொண்டையில் கத்தி வைத்தார்கள். எட்டு வாரம் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. அந்த எட்டு வாரமும் அவன் தாளில் எழுதியே எல்லோரிடமும் சண்டை போட்டான். எழுதியே பதினோரு பாட்டும் கட்டி முடித்தான். ஐம்பத்து நாலு வயதில், குரல் திரும்புமா என்றே தெரியாமல், இப்படி ஓர் ஆல்பத்துக்குப் பாட்டெழுத எவனுக்கு நெஞ்சு வரும்? ஹெய்ல்வென் அதை அவனிடம் சொன்னதில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளை முதலில் கேட்ட அன்று காரை ஓரமாக நிறுத்திவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஒலிப்பதிவில் ஒவ்வொரு வரியையும் முப்பது தடவை பாடவைத்து, நல்லதைப் பொறுக்கிச் சேர்த்தார்கள். மேடையில் அந்தச் சலுகை கிடையாது. ஆல்பத்துக்கான சுற்றுப்பயணம் கிளம்பும்போது டெகிட் வேனில் ஏறாமல் நின்றான்.

"எனக்குப் பயமா இருக்கு, ஹெய்ல். குரல் போயிடுச்சுன்னா நீதான் சொல்லணும். சொன்ன அன்னைக்கே நிறுத்திடுவேன். பரிதாபப்பட்டுக் கைதட்டுறவங்க முன்னாடி நான் நிக்க மாட்டேன்."

"சொல்றேன். ஏறு, மழை வருது."

சொல்லவில்லை. முதல் ஊரான லிவர்பூலிலேயே, கடைசிப் பாட்டான 'மலைக்கு அந்தப் பக்கம்' உச்சத்தைத் தொட்டபோது அவன் குரல் முறிந்தது. ஆல்பத்தின் வயலின்கள் கணினியிலிருந்து வந்துகொண்டிருந்தன. அதே கணினியில் அவனுடைய பதிவுக் குரலும் இருந்தது. ஹெய்ல்வெனின் விரல் அவளைக் கேட்காமலே அந்தப் பதிவின் ஒலியைக் கூட்டும் கட்டையை மேலே தள்ளியது. கூட்டம் எழுந்து நின்று ஆரவாரித்தது. மேடையில் தன் குரலைக் கேட்க டெகிட் காதில் மாட்டியிருந்த கருவிக்கு அந்தப் பதிவு போகாது.

"அந்த உச்சியில உடைஞ்ச மாதிரி எனக்குக் கேட்டுச்சே?" என்று அவன் வந்து நின்றான்.

"உன் காதுக்கு அப்படி. வெளிய நல்லாத்தான் இருந்துச்சு."

ஓர் ஊரில் சொன்ன பொய்யைப் பன்னிரண்டு ஊர்களிலும் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு பத்திரிகை 'முப்பது வயதுக் குரல்' என்று எழுதியது. டெகிட் அதைக் கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டான். அவன் அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் அவள் கம்பிகளைச் சுருட்டப் போய்விடுவாள்.

பதின்மூன்றாவதும் கடைசியுமான ஊர் ட்ரெவெர்ன். அவர்கள் பிறந்த பள்ளத்தாக்கு. தொழிலாளர் மன்றத்தில் சனிக்கிழமை பிற்பகல் நாலு மணிக்குக் கச்சேரி. ஏன் பிற்பகல் என்றால், ஆறரைக்கு அங்கே பிங்கோ, எண் கூப்பிடக் கூப்பிடச் சீட்டில் அடிக்கும் ஆட்டம். மன்றத்தின் செயலாளர் பெட்டி ப்ராஸருக்கு எழுபது தாண்டிவிட்டது. தேவாலயப் பாடகர் குழுவையும் அவர்தான் நடத்துகிறார். ஹெய்ல்வென் கம்பிகளைப் பொருத்திக்கொண்டிருந்தபோது தேநீரும் கல்லில் சுட்ட திராட்சை கேக்குமாக வந்து நின்றார். அக்குளில் ஒரு கட்டுத் தாள். பிங்கோ சீட்டாக்கும் என்று ஹெய்ல்வென் நினைத்தாள்.

"ஆறு மணிக்கு மேடை காலியா இருக்கணும், கண்ணு. ராஜாவே வந்து பாடினாலும் பிங்கோ பிங்கோதான்."

"ஆயிடும், மிசஸ் ப்ராஸர்."

"தொண்டை எப்படி இருக்கு அவனுக்கு?"

"நல்லா இருக்கு."

"ம்ம். நாங்களே கேட்டுக்கறோம்."

ஹெய்ல்வென் கம்பியை விட்டு நிமிர்ந்தாள். சுருதி ஒரு மயிரிழை விலகினாலும் திரும்பிப் பார்க்கிற ஊர் இது. டெகிட்டின் குரல் இங்கே உடைந்தால் அடுத்த தெருவில் தேநீர் ஆறுவதற்குள் செய்தி போய்விடும். இந்த ஊரில் மட்டும் பதிவை ஓட்டக் கூடாது என்று காலையில் நினைத்திருந்தாள். இப்போது, இந்த ஊரில்தான் கட்டாயம் ஓட்டியாக வேண்டும் என்று பட்டது.

கச்சேரி அமர்க்களமாகப் போயிற்று. டிரம்ஸ் இட்வால், அறுபதை நெருங்கியவன், பலகை அதிர அடித்தான். டெகிட் பழைய பாட்டுகளைத் தாழ்த்திய சுருதியில் பாடித் தப்பித்தான். கடைசியாக 'மலைக்கு அந்தப் பக்கம்'. உச்சம் வரும்போது ஹெய்ல்வென் கட்டையைத் தள்ளினாள். குரல் கண்ணாடி போல எழுந்தது. கடைசி அடி விழுந்தது. கணினி ஓய்ந்தது.

மற்ற ஊர்களில் இந்த இடத்தில் கூரை பிய்த்துக்கொள்ளும். இங்கே ஒருவரும் கை தட்டவில்லை.

பின்னால், பிங்கோவுக்காக முன்கூட்டியே வந்து மழைக்கோட்டோடு உட்கார்ந்திருந்த பெட்டியின் பாடகர் குழுப் பெண்களும் ஆண்களும் எழுந்து நின்றார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள். சீட்டு அல்ல, மேல்குரல் முதல் அடிக்குரல் வரை பாட்டின் நான்கு குரல்வரிசைகளும் டோ-ரே-மி என்ற மேல்நாட்டு ஸ்வர எழுத்தில். மூன்று செவ்வாய்க்கிழமையாகத் தேவாலயத்தின் பின்னறையில் ஆல்பத்தைப் போட்டுக் கேட்டு எழுதிப் பழகியிருக்கிறார்கள். பெட்டி கையை உயர்த்தினார். கடைசிச் சரணம் மறுபடி தொடங்கியது.

பாட்டு பிடித்துப்போனால் ட்ரெவெர்ன் அதை ஒரு தடவையோடு விடாது. கடைசிச் சரணத்தை இன்னொரு முறை, இன்னும் ஒரு முறை என்று மனம் நிறையும்வரை பாடும். ஹெய்ல்வென் இந்தப் பெஞ்சுகளில் வளர்ந்தவள். இதைப் போய் எப்படி மறந்தாள்? பன்னிரண்டு ஊர்க் கைதட்டல் அவள் காதை அடைத்துவிட்டது.

கணினியில் பாட்டு முடிந்துபோயிற்று. மேலே தள்ள ஒரு கட்டையும் இல்லை. இட்வால் சிரித்துக்கொண்டே குச்சிகளை எடுத்தான். டெகிட் மைக்கை நோக்கி நடந்தான்.

ஒரே ஒரு வழி இருந்தது. அவன் மைக்கை அணைத்துவிட்டால், இவ்வளவு பேர் பாடும்போது அவன் குரல் இல்லாதது யாருக்கும் தெரியாது. விரல் அந்தப் பொத்தானுக்குப் போய்விட்டது. அவன் கண்ணை மூடி, ஊர் பாடுவதைக் குடித்துக்கொண்டிருந்தான். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு அவளால் அழுத்த முடியவில்லை. கையை எடுத்துப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டாள்.

அவன் பாடினான். உச்சத்தில் குரல் உடைந்தது. எல்லோரும் கேட்டார்கள். இரண்டாம் வரிசையில் ஒருவர் தரையைப் பார்த்தார். டெகிட் நின்றுவிட்டான். ஒரு வரி அவன் இல்லாமலே போயிற்று.

அடுத்த வரியில் அவன் மேல்குரலை ஊருக்கு விட்டுவிட்டு, அடிக்குரலுக்கு இறங்கினான். அவன் அப்பா தேவாலயத்தின் கடைசி பெஞ்சில் நின்று பாடிய குரல்வரிசை அது. கரடுமுரடாக, அகலமாக, எல்லோரையும் தாங்கிக்கொண்டு அந்தக் குரல் வந்தது. இருபத்திரண்டு வருடம் இவன் குரலை அக்குவேறு ஆணிவேறாக அறிந்தவள் என்று ஹெய்ல்வெனுக்கு ஒரு கர்வம் இருந்தது. இதை அவள் கேட்டதே இல்லை. வெட்கமில்லாமல் அழுதாள்.

நான்கு முறை பாடினார்கள். பிங்கோ எண்பந்துகள் உருளும் கூண்டைத் தூக்கிவந்த ஆள் அதைக் கட்டிப்பிடித்தபடி பெஞ்சு வரிசைகளுக்கு நடுவிலேயே நின்று பாடினார்.

தாள்களைச் சேகரித்துக்கொண்டு வந்த பெட்டி மிக்ஸர் அருகே நின்றார். "முதல் தடவை ஆல்பத்துல இருக்கற மாதிரியே இருந்துச்சு. அடுத்த தடவைதான் டெகிட் வந்தான். இல்லையா, கண்ணு?" பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

டெகிட் துண்டோடு வந்தான். "எப்படி இருந்துச்சு?"

"உச்சியில உடைஞ்சது," என்றாள். பிறகு லிவர்பூலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

அவன் துண்டைத் தோளில் போட்டான். பர்ஸிலிருந்து அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்து அவள் முன் வைத்தான். "அப்போ இது உன்னைப் பத்தி எழுதினது. நீயே வச்சுக்க."

"டெகிட்..."

"மேல்குரல் போயிடுச்சு. அப்படித்தானே?"

"போயிடுச்சு."

"நிறுத்திடவா?"

"கீழ ஒரு குரல் இருக்கு. நான் இன்னைக்குத்தான் கேட்டேன். அதை நிறுத்தினா உன்னை மன்னிக்கவே மாட்டேன்."

"பன்னிரண்டு ஊர் பொய் சொன்னவ நீ. உன்னை எப்படி நம்பறது?"

அதற்குள் மேடையில் பிங்கோ மேசை போட்டாகிவிட்டது. பெட்டி ப்ராஸர் மைக்கைத் தட்டினார்.

"சீட்டெல்லாம் எடுத்துக்குங்க. அப்புறம், டெகிட், அங்கதானே நிக்கறே? செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு ஒத்திகை. அடிக்குரல்ல எங்களுக்கு ஆள் பத்தல. லேட்டா வராதே."

அரங்கு சிரித்தது. டெகிட்டும் சிரித்தான், துண்டால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தான். துண்டை எடுத்தபோது கண் சிவந்திருந்தது.

"கணினியைத் திற," என்றான் ஹெய்ல்வெனிடம். "அந்தப் பதிவை அழி. வசந்தத்துல அடுத்த சுற்று போகணும்."

முதல் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் அழித்தாள்.