உரிமையாளர் வெளியே போயிருக்கிறார்

அம்மா காருக்குள் பூட்டப்பட்டு நாற்பத்தேழு மணி நேரம் ஆகிறது. கார் எங்கள் அடுக்குமாடியின் வாசலில்தான் நிற்கிறது. அவள் பின் சீட்டில் இருக்கிறாள். நேற்று கண்ணாடி வழியாக, தோசை மாவை ஃப்ரிட்ஜில் எடுத்து வைக்கச் சொன்னாள். கண்ணாடி மணிக்கு மணி தடிக்கிறது. இன்று உதடு அசைவது மட்டும் தெரிகிறது. அதுவும் மங்கலாக.

கார் கம்பெனிக்குப் போன் செய்தேன். சாவி ஒரு சிப்புக்குள் ரகசிய எழுத்தில் இருக்கிறது, வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது, எங்களாலும் முடியாது என்று ஒரு பெண் பெருமையாகச் சொன்னாள். வேண்டுமானால் நேரில் போய்க் கேட்கலாமாம்.

சிப்புக்குப் போகும் வழி நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன்.

உள்ளே ஒரு நடைவழி. நடக்க நடக்க நீண்டது. ஒவ்வொரு கதவும் என் பெயரைக் கேட்டது. கேட்டு, எழுத்துகளை மாற்றி, அடுத்த கதவிடம் சொன்னது. கடைசிக் கதவுக்கு வந்தபோது என் பெயரில் என்னுடைய எழுத்து ஒன்றுகூட இல்லை. அதனால் உள்ளே விட்டார்கள்.

சாவி அதிகாரியின் பெயர் தில்லைநாயகம். எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். புதியவர்களிடம் எனக்குக் குரல் எழும்பாது. அம்மாவை விட்டுவிடும்படி மெல்லக் கேட்டேன்.

பூட்டியதில் தப்பில்லை என்றார். போன மாதம் ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அப்பா ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்து, போயிட்டு வரேன் என்றிருக்கிறார். கார் அதை நம்பிவிட்டது. அவர் வரும்வரை அவருடைய பொருட்களைப் பத்திரமாக வைத்திருப்பது அதன் கடமை. அம்மாவையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

“எல்லாரும் அப்படித்தான் சார் சொல்லுவோம். கடைக்குப் போனாக்கூட.”

“போறேன்னு சொல்றதில்லையா?”

“சொல்லக் கூடாது.”

“அப்ப அவர் வரட்டும்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் ஒரு வேர்க்கடலையை ஓரமாக ஒதுக்கினார். பிறகு, வேறு வழி ஒன்று உண்டு என்றார். அப்பா ஏன் வர மாட்டார் என்று வீட்டில் ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் போதும். பூட்டு தானே விழுந்துவிடும்.

“இத்தனை நாள்ல ஒருத்தர்கூடவா சொல்லலை?”

சொல்லவில்லை. பெரியப்பா போனில் எல்லாரிடமும், இப்படி ஆயிடுச்சு என்றார். அம்மா பால்காரரிடம், அவர் ஊரில் இல்லை என்றாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

சுவரில் ஒரு சின்னத் திரை. அதில் எங்கள் கார் தெரிந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. உள்ளேயிருந்து ஓர் உள்ளங்கை அதன்மேல் பதிந்திருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் மங்கியது.

சொன்னேன்.

“கேக்கலைம்மா,” என்றார் தில்லைநாயகம். “சிப்புக்குக் காது மந்தம்.”

டிபன் பாக்ஸை மூடினார். நடைவழியில் எல்லாக் கதவுகளும் பேச்சை நிறுத்தியிருந்தன.

“எங்கப்பா செத்துட்டார், சார்.”