டொமைன் மாறிய சனிக்கிழமை

...இல்லை, முதலில் சேர்வரைப் பழைய டொமைனிலிருந்து விலக்க வேண்டும், பிறகுதான் புதியதில் சேர்க்கலாம், இடையில் கொஞ்ச நேரம் அது எங்கும் சேராமல் நிற்கும், அப்போது உள்ளே போக அந்தக் கணினிக்கென்றே உள்ள பாஸ்வேர்ட் ஒன்றுதான் வழி, அதை றெக்ஸ் நேற்றே போட்டுப் பார்த்துவிட்டான்... ஜேர்மனியின் எசன் நகரில் காதுகேள் கருவி செய்யும் இந்தச் சின்னக் கம்பனியின் எல்லாக் கோப்புகளுக்கும் பிரதி இந்த ஒரு பேக்கப் சேர்வரில்தான் இருக்கிறது, கம்பனியை பிராங்பேர்ட்காரர்கள் வாங்கிவிட்டார்கள், இன்றோடு இதுவும் அவர்களுடைய டொமைனுக்கு, அவர்களுடைய வலையமைப்புக்குப் போகிறது, இனி யார் உள்ளே வரலாம், யார் வரக்கூடாது என்பதை அங்கிருந்துதான் சொல்வார்கள். அவனையும் எடுப்பார்களா? முதலாளி "பிறகு பேசுவோம்" என்றார், அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. காலையில் சப்பாத்துப் போடும்போது மனைவி வெரோனிக்கா கேட்டாள், உங்களையும் எடுப்பினமோ? தெரியாதப்பா. தெரியாதெண்டால் பிள்ளையை எங்க பதியிறது? மகள் நாலாம் வகுப்பு முடிக்கப்போகிறாள், அடுத்த பள்ளிக்கூடத்துக்கு அன்மெல்டுங், பதிவுப் படிவம், போட வேண்டிய கிழமை இது, இங்கேயா, பிராங்பேர்ட்டிலா... மனைவி கோபித்திருந்தால் பேசாமல் வந்திருக்கலாம், அவள் சும்மாதான் கேட்டாள், அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ரீஸ்டார்ட் பண்ணலாமா, றெக்ஸ்?" காதுக்குள் ஹரிப்ரியா. பிராங்பேர்ட்டில் இதே வேலை பார்ப்பவள், கோயம்புத்தூர்க்காரி, மாதக்கணக்காக அவனோடு ஜேர்மனில் பேசிக்கொண்டிருந்துவிட்டு, அவன் ஒருநாள் வீட்டுக்குப் போன் எடுத்ததைக் கேட்டு, நீங்க தமிழா என்று சிரித்தவள். "ஓம், பண்ணுறன்." திரை கறுத்தது. விசிறிகள் அடங்கி மறுபடி இரைந்தன. இது திரும்பி எழும்பாவிட்டால் என்னைக் கட்டாயம் தேடுவார்கள்... என்ன நினைப்பு இது, சீ, நல்ல வேலைக்காரனுக்கு வருகிற நினைப்பா? எழும்பியது. பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டது. புதிய டொமைனின் பெயரை அவன் அடித்தான், அனுமதியை அவள் அங்கிருந்து கொடுத்தாள், இன்னொரு தடவை கறுத்து எழும்பியது, ஆனால் பேக்கப் வேலை மட்டும் ஓட மறுத்தது, மறுக்கும்தான், அது ஓடிய பயனர் கணக்கு பழைய டொமைனுடையது, இந்த இடத்துக்கு அந்தப் பெயரைத் தெரியாது, புதுக் கணக்கைப் போட்டதும் ஒன்றும் நடக்காதது போல ஓடத் தொடங்கியது. சரிபார்க்க ஒரு கோப்பைப் பிரதியிலிருந்து திருப்பி எடுத்தான், ஏதோ ஒரு வருட டிசம்பரின் நத்தார் விருந்துப் படம், முதலாளி கடதாசித் தொப்பியோடு, முழுதாக, ஒரு கீறல் இல்லாமல் வந்தது.

"வந்திட்டுது" என்றான். "சூப்பர், ரொம்ப தேங்க்ஸ். நீங்க வீட்டுக்குக் கிளம்புங்க, இனிமே நாங்க பாத்துக்கிறோம்."

ஜாக்கெட்டில் ஒரு கையை நுழைத்தவன் அப்படியே நின்றான். நாங்க... அவனுடைய யாழ்ப்பாணத்துப் பேச்சில் கேட்கிற ஆளைச் சேர்த்தாலும் நாங்கள்தான், விட்டாலும் நாங்கள்தான், வெரோனிக்கா நாங்கள் எங்க போறம் என்று கேட்டால் அதற்குள் அவனும் இருப்பான், மகளும் இருப்பாள். ஹரிப்ரியாவின் ஊரில் அப்படியில்லையே, கேட்கிறவனும் உண்டென்றால் நாம என்பார்கள், நாம பாத்துக்கலாம் என்பார்கள்... தெரிந்துதான் சொன்னாளா, வாய்க்கு வந்ததைச் சொன்னாளா, இல்லை, அவளுக்கே ஒன்றும் தெரியாதா? அழைப்பு இன்னும் அறுபடவில்லை, அந்தப் பக்கம் அவள் எதையோ தட்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. "ஹரிப்ரியா." "சொல்லுங்க." "திங்கக்கிழமை நானும் இதுக்குள்ள வர ஏலுமோ?"

தட்டும் சத்தம் நின்றது. அவள் வாய் திறப்பதற்குள், எந்தப் பதில் வர வேண்டுமென்று தான் விரும்புகிறான் என்பதே தனக்குத் தெரியவில்லை என்று றெக்ஸுக்குப் பட்டது.