கப்பலுக்கு வேறொரு ஆள்

கயிற்று ஏணியில் பாதி ஏறியவள் அப்படியே நிற்கிறாள், மிதவைச் சட்டைக்கு மேலே வக்கீலின் கறுப்பு அங்கியை மாட்டியிருக்கிறாள், கடல்காற்று அந்த அங்கியைப் பிடித்துப் பிடித்து இழுக்கிறது, கீழே படகில் நிற்கும் கிழவர் ஒருவர் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்க, படகு ஆடும்போதெல்லாம் கப்பலின் துருவேறிய பக்கமும் வானமும் மாறி மாறித் தெரிகின்றன, எங்கோ மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் நடப்பதை விண்ணரசி தூத்துக்குடியில் தன் அலுவலக மேஜையின் மேல் சாய்த்து வைத்த கைபேசியில் பார்த்துக்கொண்டிருக்கிறாள், பக்கத்தில் மெட்டில்டா, வக்கீலம்மா, அந்தப் பிள்ளய கோட்டக் கழட்டச் சொல்லுங்க, கால்ல சிக்கி விழுந்துரப் போவுது என்கிறாள், கழட்ட மாட்டாக்கா, வக்கீல்னு பாத்ததும் தெரிஞ்சாத்தான் ஒங்க வீட்டுக்காரர் நம்புவாருன்னு போட்டிருக்கா என்று சொல்லும்போதே விண்ணரசிக்குத் தெரிகிறது, அமினாட்டா பயந்துபோனால் இப்படித்தான் நிற்பாள், மூச்சை இழுத்து விடுவாள், பிறகு யார் தடுத்தாலும் நிற்க மாட்டாள்.

முதன்முதலில் அவள் அப்படி நின்றது ஒரு வகுப்பறை வாசலில், ஸ்காட்லாந்தில், கடலோரத்தில் கல் கட்டடங்களாக இருந்த ஒரு நகரத்தில், கடல் சட்டத்தில் முதுகலை படிக்கப் போன முதல் நாள், இருவருமே வழி தவறித் தாமதமாக வந்து சேர்ந்திருந்தார்கள், கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே பேராசிரியர் பேசுகிறார், நீ திற என்று இவள் சைகை காட்ட, நீ திற என்று அவள் காட்ட, அமினாட்டா ஒரு மூச்சு இழுத்தாள், கதவு திறந்துவிட்டது, அத்தனை தலையும் திரும்பிப் பார்த்தன, அன்றிலிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து இருக்கை. திருநெல்வேலி சட்டக் கல்லூரியில் வாயாடி என்று பெயர் வாங்கியிருந்த விண்ணரசி அங்கே ஊமையாக உட்கார்ந்திருந்தாள், பேராசிரியரின் ஆங்கிலத்தில் பாதி அவள் காதுக்கு எட்டவில்லை, பிரெஞ்சு பேசி வளர்ந்த அமினாட்டாவுக்கு மற்றப் பாதி எட்டவில்லை, சாயங்காலம் விடுதிச் சமையலறையில் இரண்டு பாதியையும் ஒட்டவைத்துப் பார்ப்பார்கள், அமினாட்டா மீனையும் அரிசியையும் ஒரே சட்டியில் வேகவைப்பாள், விண்ணரசி அதன் தலையில் மிளகாய்த்தூளைக் கொட்டுவாள், ஜன்னலுக்கு வெளியே மழையா பனியா என்று தெரியாத ஏதோ ஒன்று பெய்துகொண்டிருக்கும். உப்புக்கிண்ணத்தைக் கப்பலாக்கி அமினாட்டா தன் நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறாள், இது கப்பல், கடனுக்காகக் கோர்ட் இதைப் பிடித்து வைத்திருக்கிறது, மாலுமிகள் ஊருக்குப் போகலாம், ஆனால் ஒருவர் பெயரை மட்டும் காவலாளாக எழுதிக்கொள்வார்கள், ஆள் பெயர் இல்லாத கப்பல் எங்கள் நீதிபதிக்கு ஆகாது, விண்ணரசி சிரிக்கிறாள், எங்கள் ஊரில் கோர்ட் ஆள் போய் ஒரு நோட்டீசை ஒட்டிவிட்டு வந்துவிடுவார், அவ்வளவுதான், எது நியாயம் என்று இருவரும் சண்டை போடுகிறார்கள், சோறு ஆறிப்போகிறது, எது நியாயம் என்று கேட்பதற்கு முன்னால் எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்க வேண்டும் என்பது விண்ணரசியின் மண்டையில் ஏறியது வகுப்பறையில் அல்ல, அந்தச் சமையலறையில்தான்.

ஸ்காட்லாந்துக்குக் கிளம்புவதற்கு முன்னால் சீனியர் தாமோதரன் சொன்னது நினைவுக்கு வருகிறது, அவர் கெட்டவர் இல்லை, ஜூனியராக இருந்த அவளுக்குக் குறுக்கு விசாரணை செய்யக் கற்றுக்கொடுத்தவர், ஏம்மா, அங்க போயி என்னத்தப் படிச்சாலும் திரும்பி வந்து இங்க வாய்தாதான கேக்கப்போற என்றார், திரும்பி வந்ததும் அவர் சொன்னபடியேதான் ஆனது, விபத்து வழக்கு, செக் வழக்கு, பங்காளிகளின் வரப்புத் தகராறு, கப்பல் வழக்கென்று ஒன்று வந்தால் அது நேரே சென்னைக்குப் போய்விடும், வக்கீல்கள் சங்க அறைக்குள் அவள் நுழைந்தால் லண்டன் வக்கீலம்மா வந்தாச்சு, நாற்காலியப் போடுங்கப்பா என்று ஒரு குரல் வரும், விமானம் மாறியதைத் தவிர லண்டனை அவள் பார்த்ததே இல்லை, சொல்லிப் பார்த்தாள், பிறகு சொல்வதை விட்டுவிட்டாள். ஒருநாள் பழைய பாடக் குறிப்புகளைப் பரண் மேல் ஏற்றி வைத்துவிட்டு, ஒரு வருஷம் சும்மா போயிருச்சோ என்று அம்மாவிடம் கேட்டாள், சும்மான்னா சும்மாதான், நல்லா குளிருல கெடந்துட்டு வந்த என்றாள் அம்மா, முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே.

மெட்டில்டா வந்தது அதற்கு அடுத்த மழைக்காலத்தில், குடையை வாசலில் மடக்கி வைத்துவிட்டு, வீட்டுக்காரவிய கப்பல்ல போசன் வேல, கப்பல் ஒரு ஊர்ல மாட்டிக்கிட்டு, மொதலாளி ஓடிட்டான், எல்லாரையும் அனுப்பிட்டாவ, அவியள மட்டும் விட மாட்டேங்காவ என்றாள், போசன் என்றால் மேல்தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி, பெயர் ரோச், எல்லாரும் போன பிறகு ஆளில்லாக் கப்பலில் தனியாக இருக்கிறார், மீன் பிடிக்க வருகிறவர்கள் தண்ணீரும் சோறும் கொடுக்கிறார்கள், கைபேசியை அவர்கள்தான் கரைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றித் தருகிறார்கள். மெட்டில்டா போகாத ஆபீஸ் இல்லை, கலெக்டர், எம்.பி., சென்னை, டெல்லி, எல்லா இடத்திலும் என் புருஷனை விடச் சொல்லுங்கள் என்றே கேட்டிருக்கிறாள், எல்லா இடத்திலும் அது அந்த நாட்டுக் கோர்ட் விஷயம் என்றே சொல்லியிருக்கிறார்கள்.

ரோச் பேசக் கிடைத்த அன்று குரல் விட்டு விட்டு வந்தது, சொல்லுங்கண்ணே, ஒங்கள எதுக்கு வச்சிருக்காங்கன்னு யாராவது சொன்னாங்களா என்று கேட்டாள் விண்ணரசி, இல்லம்மா, ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்குனான், என்ன பாஷன்னே தெரியல, கப்பல்ல மிச்சமிருந்ததுல நாந்தான் மூத்தவன், போட்டேன், அன்னையிலருந்து வாரவன் போறவன்லாம் கார்தியான் கார்தியான்னு கூப்புடுதான், வாட்ச்மேன்னு கேலி பண்ணுதானோன்னு விட்டுட்டேன். விண்ணரசி கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டாள், இன்னொரு தரம் சொல்லுங்கண்ணே என்றாள், கார்தியான் என்றார் அவர், காவலாளுக்குப் பிரெஞ்சுச் சொல், கப்பல் நிற்பதும் அமினாட்டாவின் நாட்டில், விண்ணரசி இப்போது அலுவலக நாற்காலியில் இல்லை, ஈர உடுப்புகள் காயும் ஒரு சமையலறையில் இருக்கிறாள், எதிரே உப்புக்கிண்ணம், ஒருவர் பெயரை மட்டும் எழுதிக்கொள்வார்கள். இவரை அவர்கள் சிறை வைக்கவில்லை, இவருக்கு ஒரு பதவி கொடுத்திருக்கிறார்கள், ஆகவே இவரை விடுங்கள் என்று எத்தனை வாசலில் நின்று கேட்டாலும் நடக்காது, கப்பலுக்கு வேறு ஆள் தருகிறோம் என்று கேட்க வேண்டும், இத்தனை பேர் இத்தனை நாள் தப்பான கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள், அவள் கைபேசியில் அமினாட்டாவின் எண்ணைத் தேடினாள்.

அமினாட்டாவோடு பேசியே வெகுகாலம் ஆகியிருந்தது, பண்டிகை வாழ்த்து, குழந்தை பிறந்த படம், அவ்வளவுதான், விண்ணரசி சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரு மூச்சு கேட்டது, எந்தத் துறைமுகம் என்றாள் அமினாட்டா, விண்ணரசி சொன்ன பெயர் அவள் பிறந்த ஊர். இங்கிருந்து இவள் வாதத்தை எழுத, அங்கே அவள் அதை வெட்டி, இது உங்கள் ஊர் நீதிபதிக்குச் சரி, எங்கள் ஊர் நீதிபதி முதல் வரியிலேயே தூங்கிவிடுவார் என்று திட்டித் திருத்த, பழைய சண்டைகள் எல்லாம் திரும்பி வந்தன, முதல் மனு தள்ளுபடியானது, வேறு ஆள் எங்கே என்று நீதிபதி கேட்டாராம், யார் வருவார்கள், துருப்பிடித்த கப்பலைத் தலையில் ஏற்றிக்கொள்ள யாருக்குப் பைத்தியம், மெட்டில்டா மாதா கோயிலுக்குப் போனாள், விண்ணரசி தூக்கம் கெட்டாள், அமினாட்டா துறைமுகத்தில் விசாரித்து விசாரித்து ஓய்வுபெற்ற ஓர் இழுவைப்படகுத் தலைவரைக் கண்டுபிடித்தாள், எப்படியும் தினமும் காலையில் என் வீட்டு ஜன்னலில் அந்தக் கப்பல்தானே தெரிகிறது, என் பெயரை எழுதிக்கொள் என்றாராம் அந்தக் கிழவர், கரையிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று கோர்ட்டும் ஒப்புக்கொண்டது, அவர்தான் இப்போது படகில் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்திருப்பவர்.

அமினாட்டா ஏறிவிட்டாள், படகுக் கைபேசி அணைந்து அவளுடைய கைபேசியிலிருந்து அழைப்பு வருகிறது, கப்பலின் மேல்தளம், தாடி வளர்ந்த ஒரு மனிதர், மெட்டில்டா வாயைப் பொத்திக்கொள்கிறாள், அமினாட்டா கோர்ட் உத்தரவை நீட்டுகிறாள், ரோச் கையை நீட்டவில்லை, பின்னால் நகர்கிறார், நா எறங்க மாட்டேன் என்கிறார். முன்னாடி ஒருத்தன் இப்படித்தாம்மா பேப்பரோட வந்தான், போலாம்னான், கரையில கால் வச்ச ஒடனே போலீசு பிடிச்சு, கப்பல விட்டு ஓடுனா செயிலுன்னு திரும்ப ஏத்தி விட்டுட்டான், எனக்கு இனிம பேப்பர் வேண்டாம். விண்ணரசி உத்தரவை வாசிக்கச் சொல்கிறாள், அமினாட்டா பிரெஞ்சில் ஒரு வரி வாசித்து ஆங்கிலத்தில் சொல்ல, விண்ணரசி அதைத் தூத்துக்குடித் தமிழில் சொல்கிறாள், கப்பலோட பொறுப்பு இன்னையோட ஒங்களவிட்டுப் போகுதுண்ணே, இனிம அந்தப் பெரியவர் பேர்ல இருக்கு, போலீசு ஒங்களத் தடுக்கக் கூடாதுன்னும் தனியா எழுதியிருக்கு, ரோச் கேட்டுக்கொண்டே நிற்கிறார், கடைசியில், வக்கீலம்மா, நீங்க இந்த ஊரு சட்டம் படிச்சிருக்கியளா என்று கேட்கிறார். தாமோதரன் சாரும் சங்க அறையும் பரண் மேல் கிடக்கும் குறிப்புகளும் அவளைக் கடந்து போகின்றன, படிச்சிருக்கேண்ணே, ஒங்க முன்னால நிக்கிற இந்தப் பிள்ளைகிட்டத்தான் படிச்சேன், அவ எங்கிட்டப் படிச்சா, ரெண்டு பேரும் ஒரே வகுப்பு. ரோச் அமினாட்டாவை மேலும் கீழும் பார்க்கிறார், அங்கியைப் பார்க்கிறார், அப்பம் சரி என்கிறார்.

உடனே இறங்கிவிடவில்லை, ஓரத்துக்குப் போய்க் கீழே படகைப் பார்த்து, அந்தப் பெரியவர்ட்ட சொல்லுங்கம்மா, பின்னால உள்ள அறையில தண்ணி ஊறுது, மழ பெஞ்சா எறைக்கணும், இல்லன்னா ஒரு பக்கமாச் சாஞ்சிரும் என்றார், விண்ணரசி ஆங்கிலத்தில் சொல்ல, அமினாட்டா பிரெஞ்சில் கத்த, கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையாட்டினார், அதற்குப் பிறகுதான் ரோச் ஏணியின் பக்கம் வந்தார். அமினாட்டா முதலில் இறங்கிப் படகிலிருந்து கைபேசியை மேலே திருப்பினாள், அவர் மெல்ல ஒவ்வொரு கட்டையாகக் கால் வைத்தார், உடம்பு வற்றியிருந்தது, ஒரு கட்டையில் கால் வழுக்கியது, மெட்டில்டா கைபேசியை மேஜையிலிருந்து பறித்து, ஏங்க, மெதுவா எறங்குங்க, கீழ பாக்காதீங்க, ரெண்டு கையாலயும் பிடிங்க என்று கத்தினாள், ஏணியில் தொங்கிக்கொண்டிருந்தவர் நின்றார், தலையைத் திருப்பினார், ஏட்டி, போசனுக்கே ஏணி எறங்கச் சொல்லிக் குடுக்கியா என்றார், ஆமா குடுக்கேன், இவ்வளவு நாளு ஏறத்தான தெரிஞ்சிச்சு, எறங்கத் தெரியலல்லா என்று மெட்டில்டா அழுதுகொண்டே திருப்பிக் கத்த, அமினாட்டா கவலையோடு, என்ன ஆயிற்று, இருவரும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள், ஒன்றுமில்லை, வீட்டுக்கு வந்துவிட்டார், சண்டை ஆரம்பித்துவிட்டது என்றாள் விண்ணரசி.